வெளிக்கதவைப் பூட்டி வைப்பது தவறா? முதியோரும் ஊரடங்கும்: ஒரு விவாத இழை

திருச்சியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி, 2 ஏப்ரல் 2020

என் தந்தைக்கு 74 வயது. சர்க்கரை உண்டு; 4 ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். கொரோனா ஊரடங்கு தொடங்கி 9 நாள்களாகியும் காலை ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சத்தமும் போட்டுவிட்டேன். நேற்று இரவு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். இன்று காலையிலிருந்து அவர் வீட்டில் யாருடனும் பேசவில்லை. இந்தத் தலைமுறைக்கே பிடிவாதம் அதிகம் என்பது என் முடிவு. நான் செய்தது தவறா?

மதுரையைச் சேர்ந்த ஒருவரின் பதில், 2 ஏப்ரல் 2020, இரவு

தவறில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இந்த நோய்க்கு முதல் உயிர் போனது மார்ச் 25 அன்று, எங்கள் மதுரையில். இறந்தவருக்கு 54 வயதுதான். என் தந்தைக்கு 77, தாய்க்கு 71. இருவரும் செல்லூரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார்கள். நான் ஒரே பிள்ளை. சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். அப்பா 37 ஆண்டுகள் தபால்காரராக நடந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் எழுந்து, கோரிப்பாளையம் வழியாக ஏ.வி. பாலத்தைக் கடந்து, சிம்மக்கல்லில் ஒரு தேநீர்க் கடைக்குப் போய்த் திரும்புவதை அவர் நிறுத்தியதில்லை. அந்தக் கடை இப்போது மூடிக் கிடக்கிறது. ஆனாலும் போகிறார் என்று அம்மா தொலைபேசியில் அழுகிறார். பூட்டுவதற்கு நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானும் பூட்டியிருப்பேன்.

3 ஏப்ரல் 2020

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்று காலை அப்பாவிடம் பேசினேன். திட்டுவதற்காகத்தான் அழைத்தேன். மூடிய கடைக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கடை மூடியிருக்குன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? மத்த மூணு பேரும் வந்திருக்காங்களான்னு பார்க்கத்தான் போறேன்" என்றார். அந்தக் கடையில் நான்கு முதியவர்கள் 11 ஆண்டுகளாக ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து, கை மாற்றிப் படித்து வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மனைவியை இழந்து தனியாக வாழ்பவர். கடை மூடிய பிறகும் நால்வரும் கதவடைத்த கடைக்கு முன்னால் சற்று நேரம் தள்ளித் தள்ளி நின்றுவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று தெரிந்ததும் கலைந்து போகிறார்கள். நால்வரில் ஒருவரிடம்கூட மற்றவருடைய தொலைபேசி எண் கிடையாது. நாள்தோறும் நேரில் பார்ப்பவருக்கு எண் எதற்கு என்று 11 ஆண்டுகள் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இதைக் கேட்ட பிறகு பிடிவாதம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். உங்கள் தந்தை எங்கே போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

4 ஏப்ரல் 2020

திருச்சி வாசகர் இன்று எழுதியிருப்பதை இங்கே பதிந்து வைக்க விரும்புகிறேன். அவருடைய தந்தைக்குச் சாவி அரிசிப் பானையில் இருப்பது முதல் நாளே தெரியுமாம். அவர் அதைத் தொடவில்லை. பூட்டிய மகனே எடுத்துத் திறக்கட்டும் என்று காத்திருந்தாராம். பூட்டுவது பற்றி நான் முதல் நாள் எழுதியதில் மிச்சமிருந்த பாதியையும் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

9 ஏப்ரல் 2020

வங்கியில் இந்த ஒரு வாரமாகப் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மத்திய அரசு 500 ரூபாய் செலுத்தியிருக்கிறது. கூட்டம் சேரக் கூடாது என்பதற்காகக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் பிரித்தார்கள்: 0, 1 என முடிந்தால் ஏப்ரல் 3, 2, 3 என முடிந்தால் ஏப்ரல் 4, இப்படியே 8, 9 வரைக்கும் இன்று, ஏப்ரல் 9. வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். வட்டத்திற்குள் நின்றவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். வெயிலில் நிற்க முடியாமல் சிலர் வட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒரு பாட்டி கோயில் வாசலில் பூ விற்று வந்தவர். கோயில் மூடியதும் விற்பனையும் நின்றது. அவர் மார்ச் கடைசியிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை பாஸ்புக்கில் வரவு பதியச் சொல்லி வந்துகொண்டிருந்தார். புதிய வரவு எதுவும் இல்லாததால் இயந்திரம் பக்கத்தை அப்படியே வெளியே தள்ளும். மூன்றாம் முறை வந்தபோது நான் சற்றுக் கடிந்தே சொன்னேன்: "பாட்டி, பணம் வந்தால் செல்பேசிக்குச் செய்தி வரும், இந்த வயதில் நீங்கள் வெளியே வரக் கூடாது." அதற்கு அவர், "சேதி வந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்? படிச்சுச் சொல்ல ஆள் வேணுமே. இங்க வந்தா நீ சொல்லுவ" என்றார்.

இன்னொன்றும் அவர் சொன்னார். தெருமுனையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். கையில் பாஸ்புக் இருந்தால் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் கணக்குப் புத்தகம் என்று நினைத்துக் கொடுத்தது அவருக்கு வீட்டைவிட்டு வெளியே வருவதற்கான அனுமதிச் சீட்டாக இருந்திருக்கிறது.

அவருடைய கணக்கு எண் 8 என்று முடிகிறது. இன்று அவருக்கு உரிய நாள். 500 ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பாஸ்புக்கை நீட்டினார். இந்த முறை வரி விழுந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் விட்டு ஒருவர் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

16 ஏப்ரல் 2020

ஊரடங்கு மே 3 வரை நீட்டிக்கப்பட்டுவிட்டது. அப்பா பாலத்தைக் கடப்பதை நிறுத்திவிட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லி நிறுத்தவில்லை. கோரிப்பாளையம் முனையில் ஒரு காவலர் அவரை நிறுத்தி, "பெரியவரே, உங்களைத் தடுக்க எனக்கு மனசு வரலை, நீங்களே திரும்பிப் போயிடுங்க" என்றாராம். அப்பா திரும்பிவிட்டார். ஆணையிட்டிருந்தால் வாதாடியிருப்பேன், அவர் கேட்டுக்கொண்டார், என்ன செய்வது என்று என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் செய்தி. தேநீர்க் கடைக்காரர் வழியாக மூவரின் எண்களையும் வாங்கியிருக்கிறார். அந்த மூவரிடம் கேட்டு வேறு சிலரின் எண்கள். அவர்களிடம் கேட்டு, தாம் ஒரு காலத்தில் கடிதம் கொடுத்த தெருக்களில் இன்னும் இருக்கும் பெரியவர்களின் எண்கள் என்று 31 பேர் சேர்ந்துவிட்டார்கள். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி நூலால் கட்டி வைத்திருக்கிறார். அகர வரிசையில் எழுதவில்லை. தெரு வரிசையில் எழுதியிருக்கிறார். அஞ்சல் துறையில் ஒரு தபால்காரருக்கு ஒதுக்கிய தெருக்களை "பீட்" என்பார்கள். கட்டுப் பிரித்ததும் கடிதங்களை வீட்டு வரிசையில் அடுக்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அந்த வரிசையிலேயே இப்போது அழைக்கிறார். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, ஒரு மணிக்குள் கடைசி வீட்டை முடித்துவிடுகிறார். இரண்டு நாளில் 31 வீடுகள்.

நலமா என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை என்று அம்மா சொன்னார். நலமா என்றால் நலம் என்றுதான் பதில் வரும். "மாத்திரைப் பட்டையில எத்தனை மிச்சம் இருக்கு, எடுத்து எண்ணிச் சொல்லுங்க" என்பதுதான் அவருடைய கேள்வி. இதனால் ஒருவர் நான்கு நாளாக இரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் இருந்தது வெளியே வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் தினமும் பேசியும் அவர் சொல்லவில்லை. பிள்ளை கவலைப்படுவான் என்று மறைத்திருக்கிறார். அருகிலிருந்த மருந்துக் கடைக்காரர் அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

இந்த இழையில் பலரும் பெரியவர்களுக்குப் பொழுது போக என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்கிறீர்கள். பொழுது போவது அவர்களுக்குச் சிக்கலாக இல்லை. நாம் அவர்களைப் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்ற ஒரே பெட்டிக்குள் வைத்துவிட்டோம். தம்மை நம்பி யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பைத் திருப்பிக் கொடுத்தால், வீட்டுக்குள் இருப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது என் நம்பிக்கை.

17 ஏப்ரல் 2020

நேற்றைய குறிப்போடு சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அப்பா அழைத்தால் எல்லோரும் எடுக்கிறார்கள். அவர்கள் திரும்ப அழைப்பதில்லை. காரணம் இப்போதுதான் தெரிந்தது. எண்ணை அழுத்தியதும் மணியோசைக்குப் பதிலாக இருமலும் கொரோனா அறிவிப்பும் வருகிறதல்லவா, அதைக் கேட்டதும் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று நினைத்துச் சிலர் துண்டித்துவிடுகிறார்கள். "உங்களைக் கூப்பிட்டா யாரோ இருமுறாங்க" என்று ஒரு பாட்டி அப்பாவிடம் பதறியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை பக்கத்திலிருந்து அழைத்துக் காட்டி, அறிவிப்பு முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

5 மே 2020

நேற்று மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் சில பட்டர்கள் மட்டும் நடத்தி வைத்தார்கள்; ஊர் முழுவதும் திரையில் பார்த்தது. அம்மனுக்குத் திருமாங்கல்யம் பூட்டும் நேரத்தில் மதுரைப் பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். மற்ற ஆண்டுகளில் அம்மா மூன்று தோழிகளோடு விடியற்காலையிலேயே போய்விடுவார். கூட்டத்தில் சித்திரை வீதியைத் தாண்ட முடியாது. நின்ற இடத்திலேயே ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு வருவார்கள். நேற்று வீட்டில் தனியாக மாற்றியிருக்கிறார். பின்கழுத்தில் முடிச்சுப் போடக் கைகள் எட்டவில்லை; தோள்பட்டை வலி அவருக்குப் பழையது. அப்பா போட்டுவிட்டாரா என்று கேட்டேன். "அவரு போனுல இருந்தாரு" என்றார்.

அந்த ஒரு வரி என்னை நேற்றிலிருந்து விடவில்லை. இந்த இழையில் நான் இதுவரை எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அப்பா எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே போனார், யாரை அழைக்கிறார் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். அம்மா அழுகிறார், அம்மா சொன்னார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் எப்போதும் வீட்டில் இருப்பவர்தானே, அவருக்கு ஊரடங்கால் என்ன மாறிவிடப் போகிறது என்று நான் நினைத்திருக்கிறேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அவரைப் பற்றி எண்ணிப் பார்க்கவே இல்லை.

அவரிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை மாடிப்படிக்குக் கீழே நான்கு பெண்கள் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் அவருக்கென்று இருந்தது. இப்போது அது இல்லை. காலையில் அப்பா நடக்கப் போகும் நேரத்தில் வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியும் போய்விட்டது. முன்பு காலையில் ஒரு முறை போட்ட காப்பியை இப்போது நான்கு முறை போடுகிறார். தொலைபேசி ஒன்றுதான், அது மதியம் ஒரு மணி வரை அப்பாவிடம் இருக்கிறது, பிறகு சூடாகிவிட்டது என்று மின்னேற்றத்தில் கிடக்கிறது. தோழிகளோடு பேசினாயா என்று கேட்டால், "போனுல பேசினா பூவைக் கட்ட முடியுமா?" என்கிறார்.

அவருக்கென்று ஒரு செல்பேசி அனுப்ப வழி தேடிக்கொண்டிருக்கிறேன். கடைகளும் கூரியரும் இன்னும் சரியாக ஓடவில்லை.

9 மே 2020

இந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கவில்லை. ஆற்றங்கரையில் வாழும் என் பெற்றோர் இருவருமே, நினைவு தெரிந்து இப்படி ஒரு சித்திரை கண்டதில்லை என்கிறார்கள்.

ஒரு வாசகர் என் ஏப்ரல் 16 குறிப்பை மறுத்திருக்கிறார். "தொலைபேசி பீட் என்பதெல்லாம் காது கேட்பவர்களுக்குத்தான். என் அத்தைக்கு எதிரே இருப்பவர் வாயசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். முகக்கவசம் வந்த நாளிலிருந்து அவர் எங்களோடு இருந்தும் இல்லாதவரைப் போல ஆகிவிட்டார்" என்கிறார். மறுக்க முடியாத உண்மை. வழி ஒன்று என்னிடம் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் சில அடி தள்ளி உட்கார்ந்து, கவசத்தைக் கழற்றி, முகம் பார்த்து மெதுவாகப் பேசலாம் என்பதைத் தவிர.

இன்னொருவர் இந்த நாள்களில் புழங்கும் சொற்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். விழித்திரு, விலகி இரு, வீட்டில் இரு என்பது நம் மாநில அரசின் அறிவிப்பு. அப்பாவுக்கு அதைக் கேட்டதும் வள்ளலாரின் பெயரால் வழங்கும் "பசித்திரு, தனித்திரு, விழித்திரு" நினைவுக்கு வந்துவிட்டது. தனித்திரு என்பதில் ஒரு மனிதர் தாமே எடுத்த முடிவு இருக்கிறது. தனிமைப்படுத்தப்பட்டார் என்பதில் அது இல்லை என்று அவர் சொன்னார். தொடக்கத்தில் செய்திகளில் வந்த "சமூக விலகல்" என்ற தொடரும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஊரைவிட்டு விலக்கி வைப்பது என்ன என்பதை அனுபவித்து அறிந்த தலைமுறை அப்பாவுடையது. உலக சுகாதார நிறுவனமே மார்ச் மாதத்தில் சமூகம் என்பதை விட்டு உடல் அளவிலான இடைவெளி என்று சொல்லத் தொடங்கிவிட்டது. ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று சொன்னால் எந்தப் பெரியவருக்கும் புரிந்துவிடும்.

26 ஜூன் 2020

மதுரையில் 24 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. சென்னையில் 19 முதலே அப்படித்தான். மாவட்டம் விட்டு மாவட்டம் போவதற்கான அனுமதிச் சீட்டான இ-பாஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் மறுக்கப்பட்டது. காரணம் கேட்கும் இடத்தில் திருமணம், மருத்துவம், இறப்பு என்றுதான் இருக்கிறது. பெற்றோரைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது என்பதை அந்த மூன்றில் எதற்குள் எழுதுவது?

12 செப்டம்பர் 2020

இ-பாஸ் முறை இம்மாதம் முதல் நாளோடு போய்விட்டது. 7ஆம் தேதி முதல் மாநிலத்துக்குள் ரயிலும் ஓடுகிறது. மதுரையிலிருந்து எழுதுகிறேன். வந்து மூன்று நாளாகிறது. முன்னறையில் கவசத்தோடு தனியாக இருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டை அம்மா வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். சென்னையிலிருந்து வந்தவள் என்ற அச்சம் அவர்களைவிட எனக்குத்தான் அதிகம்.

தொலைபேசியில் தெரியாதவை கண்ணில் படுகின்றன. அப்பா இந்த ஐந்து மாதமும் மொட்டை மாடியில் நடந்திருக்கிறார். ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. 60 கொட்டைகளை ஒரு டம்ளரிலிருந்து எடுத்து இன்னொரு டம்ளரில் போடுகிறார். தளத்தில் அவர் நடந்த தடம் பாசி பிடிக்காமல் வெளுத்து, நான்கு மூலைகளிலும் வளைந்து தெரிகிறது. இவ்வளவு நடந்தும் மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டேன் என்கிறார். "நேரா நடக்கிறது வேற, சுத்திச் சுத்தி நடக்கிறது வேற பாப்பா. எல்லா மூலையிலும் முட்டி திரும்புது" என்றார். நேற்று ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் தெருமுனை வரை அழைத்துப் போனேன். 37 ஆண்டுகள் மதுரையின் சந்துகளில் சைக்கிளோடு நடந்தவர், இரு சக்கர வண்டி ஒன்று தொலைவில் வருவதைப் பார்த்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு வாசகர் தம் அத்தையின் காதைப் பற்றி எழுதியபோது அது வேறு வீட்டுச் செய்தி என்று படித்தேன். கவசத்தோடு நான் பேசும்போது அப்பா பல முறை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை என்பதுதான் உண்மை. தொலைபேசியில் ஒலிபெருக்கியை முழுதாக வைத்துக்கொண்டு பேசியதால் எனக்கு இது தெரியவே இல்லை. காது எத்தனை நாளாக இப்படி என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு வருஷமா. நீ வந்து பேசுறப்ப உன் வாயைப் பார்த்துச் சமாளிப்பாரு" என்றார்.

ஏப்ரல் 16 அன்று நான் எழுதிய கடைசிப் பத்தி மிகவும் உறுதியான குரலில் இருக்கிறது. வேலை கொடுத்தால் வீட்டுக்குள் இருப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதினேன். மனத்தளவில் அது உண்மை என்று இப்போதும் நம்புகிறேன். உடல் அதற்குத் தனியாக விலை கொடுத்திருக்கிறது. அதை யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் செல்பேசி வந்து சேர்ந்தது. காணொளி அழைப்பில் நான்கு பெண்களும் மாலை நான்கு மணிக்கு அவரவர் வீட்டில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள். திரையில் முகங்கள் தெரிவதில்லை. ஒன்றில் கூரை, ஒன்றில் விரல்கள், ஒன்றில் பூக்கூடை.

21 நவம்பர் 2020

நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டு கால அவகாசம் கூடுதல் என்றாலும், அப்பா தள்ளிப்போட விரும்பவில்லை. வங்கிக்கு வர வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் ஆதார் கைரேகை வழியாகச் சான்றிதழ் பதிந்து கொடுப்பார் என்ற ஏற்பாடு இம்மாதம் வந்திருக்கிறது. நேற்று ஓர் இளைஞர் வந்தாராம். அப்பாவின் கட்டைவிரல் ரேகை கருவியில் விழவில்லை. துணியால் துடைத்து, சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, வேறு விரல்களை மாற்றி மாற்றி வைத்து, ஏழாவது முறையில் விழுந்தது.

அந்த நேரத்தில் அப்பா அவரிடம் தம் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்த காலத்தில், படிவத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது அவருடைய வேலை. தேதி தெரிந்ததும் பாட்டிகள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பணத்தை வாங்கிய பிறகும் விடமாட்டார்கள். மோர் குடி, மகள் கடிதம் போட்டாளா பார் என்று நிறுத்திவைப்பார்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று அன்று தமக்கு எரிச்சலாக இருந்ததாம். நேற்று அந்த இளைஞரை, காப்பியைப் படியில் வைத்து, தாமே அரை மணி நேரம் நிறுத்தியிருக்கிறார். "அவன் மணியைப் பார்த்தான் பாப்பா. நான் பார்த்த மாதிரியே பார்த்தான்" என்றார். இதைச் சொல்லும்போது சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன்.

9 மார்ச் 2021

60 வயது கடந்தவர்களுக்கு மார்ச் 1 முதல் தடுப்பூசி. அப்பா, அம்மா இருவரும் முதல் தவணை போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துக் கண்காணிக்கிறார்கள். நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்களாம். ஒரு வருடத்தில் முதல் முறையாகத் தம் வயதுக்காரர்கள் நாற்பது பேரோடு ஒரே அறையில் இருந்ததாக அப்பா சொல்கிறார். பீட்டில் இருக்கும் இருவர் அங்கே வந்திருக்கிறார்கள். குரலை வைத்து ஒருவரை அடையாளம் கண்டிருக்கிறார். அரை மணி ஆயிற்று, போகலாம் என்று செவிலியர் சொல்லியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்றார் அம்மா.

30 மே 2021

இந்த இழையில் சில வாரங்களாக எழுதவில்லை. 10ஆம் தேதி தொடங்கிய ஊரடங்கு 24 முதல் தளர்வுகள் இல்லாததாகிவிட்டது. என் பெற்றோர் நலமாக இருக்கிறார்கள்.

அப்பாவின் 31 பேரில் மூன்று வாரத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். எல்லோரும் இந்த நோயால்தான் போனார்கள் என்றில்லை, இருவருக்கு இதயம். தேநீர்க் கடை நால்வரில் தனியாக வாழ்ந்தவர் ஐவரில் ஒருவர். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் போகக் கூடாது. அப்பாவால் 20 பேரில் ஒருவராகவும் போக முடியவில்லை.

தாளில் அந்தப் பெயர்களை அடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அஞ்சலில் பெறுநர் இறந்துவிட்டால் அதைக் குறிப்பெழுதிக் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்புவார்கள். அவர் அப்படி எதுவும் எழுதவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அந்த எண்களையும் வரிசை வரும்போது அழைக்கிறார். மனைவியோ மருமகளோ எடுக்கிறார்கள். "ஆள் போயிட்டாலும் வீடு பீட்டுலதானே இருக்கு" என்றார். தனியாக வாழ்ந்தவரின் எண்ணை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அதையும் ஒரு முறை ஒலிக்கவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார் என்று அம்மா சொன்னார்.

17 ஏப்ரல் 2022

திருச்சி வாசகர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே வந்து எங்கள் வீட்டை விசாரித்திருக்கிறார். அவருடைய தந்தைக்கு 76 ஆகிறது. காலையில் மறுபடியும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாராம். படித்து மகிழ்ந்தேன்.

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். இரண்டு சித்திரைகள் விட்டுப்போன பிறகு மக்களோடு நடந்த விழா. செல்லூரிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா போகவில்லை. முட்டி இடம் கொடுக்கவில்லை, கூட்டத்தில் என் காதும் எனக்கு உதவாது என்றார். காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்கிறார். அம்மா தோழிகள் இருவரோடு விடியற்காலையிலேயே போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும் தொலைக்காட்சி பார்த்தோம். குதிரை வாகனம் தண்ணீரைத் தொட்டதும் அவர் செல்பேசியை எடுத்து, ஆற்றுக்கு வர முடியாத ஆறு பேரை வரிசையாக அழைத்து, பட்டின் நிறத்தைச் சொன்னார்.

பிறகு நாள்காட்டித் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். கைநடுக்கத்தால் அவரால் இப்போது எழுத முடியவில்லை. தடுப்பூசி போட்ட இடத்தில் பழக்கமான ஒருவரும், அவர் வீட்டுக்கு எதிரே புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பாட்டியும் பீட்டில் சேர வேண்டும். என்னை எழுதச் சொன்னார். கடைசித் தாளில் இடம் இருந்ததால் அதில் எழுதப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, ஏழாவது தாளை எடுக்கச் சொல்லி, புள்ளி வைத்த ஒரு பெயருக்கும் அதற்கு அடுத்த பெயருக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தைக் காட்டினார். எழுத்தைச் சிறிதாக்கி இரண்டையும் அங்கேயே எழுதினேன்.